பன்னிரண்டிலிருந்து ஒன்பதுக்கு

விரல் விளக்கிலிருந்து கிளம்புகிறது. வட்டம் போட்டு, உள்ளே பெருக்கல் குறி போட்டு, சார்ட் தாளின் வலது ஓரத்தில் அவர் வரைந்திருக்கும் விளக்கு. அடியில் 'சர்வர் ரூம் வேலை' என்று எழுதியிருக்கிறார். கோட்டின் மேலேயே இடப்பக்கமாக நகர்ந்து, 'தொழில்நுட்பக் கல்லூரி' என்ற பெட்டியில் விரல் நிற்கிறது. உதடுகள் அசைகின்றன. பிறகு பன்னிரண்டாம் வகுப்பின் ஆறு பாடங்கள், ஆறு பெட்டிகள். பதினொன்றின் ஆறு. பத்தின் ஆறு. ஒன்பதின் ஆறு. அதையும் தாண்டினால் தாளின் இடது ஓரத்தில் சின்னதாக ஒரு பிளக். அதனடியில் மகளின் பெயரை எழுதப் போய், வேண்டாமென்று விட்டுவிட்டார்.

ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு இது நடக்கும். வரைந்து முடித்து இரண்டு வருடமாகப் போகிறது. இருந்தாலும் வாரம் ஒரு தடவை விரலை ஓட்டிப் பார்க்காவிட்டால் அவருக்குச் சரிப்படாது. ஒன்பது மணிக்கு மேஜையை மனைவியிடம் விட வேண்டும். பேண்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று அக்கம்பக்கத்துத் துணிகள் மூட்டை மூட்டையாக அவளிடம் வரும். வீட்டில் பெரிய மேஜை ஒன்றுதான்.

"உங்க படம் எந்திரிச்சாத்தான் என் துணி உட்காரும். அந்த ரயில்வே மேப்பை இன்னும் எவ்வளவு நேரம் தடவிக்கிட்டிருப்பீங்க?"

"ரயில்வே மேப் இல்ல. சர்க்யூட்."

"எதுவோ ஒன்னு. கரண்ட் வந்தா சொல்லுங்க, கையை எடுத்துக்கிறேன்."

அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். இருபத்திரண்டு வருட வேலை. கம்பெனியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மீட்டர் அண்ணன் என்றால்தான் தெரியும். கரண்ட் இல்லை என்று கடவுளே வந்து சொன்னாலும் மீட்டரை வைத்துப் பார்க்காமல் ஒரு கம்பியைத் தொட மாட்டார். பழுது பார்க்கத் தொடங்கும்போது நேரே மோட்டாருக்குப் போக மாட்டார். "எரியாத விளக்குலேர்ந்து ஆரம்பிக்கணும்" என்பார். கடைசியில் வேலை செய்யாதது எதுவோ அதைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு இணைப்பாகப் பின்னால் போக வேண்டும். எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே போய் நிற்போம். சரிசெய்த பிறகு லிஃப்ட்டைக் காலியாக மூன்று தடவை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆட்களை ஏற்றுவார். வாசலில் காத்திருப்பவர்கள் முணுமுணுத்தால் காதில் வாங்கிக்கொள்ள மாட்டார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியைத் திறக்க நேர்ந்தால் இடது கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு வலது கையால் மட்டும் வேலை செய்வார். பெரிய மனிதர் போஸ் கொடுக்கிறார் என்று புதிதாக வருபவர்கள் சிரிப்பார்கள். "ரெண்டு கையும் உள்ள விட்டா, ஒரு கையில ஏறி இன்னொரு கையில இறங்கும். நடுவுல நெஞ்சு இருக்கு" என்று அவர் சொன்னதும் சிரிப்பு அடங்கிவிடும்.

ஒவ்வொரு லிஃப்ட்டின் மின்பெட்டிக் கதவிலும், உள்பக்கம், வயரிங் படம் ஒன்று ஒட்டியிருக்கும். அதை அவர் நம்ப மாட்டார். முன்னால் வந்தவன் அவசரத்தில் ஒரு கம்பியை மாற்றிவிட்டுப் படத்தில் குறிக்காமல் போயிருப்பான். அப்படிப்பட்டவனுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'ஓடிப்போனவன்'. ஓர் ஓடிப்போனவனால் மூன்று பேர் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நாலு மணி நேரம் அடைபட்டுக் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். அதனால் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். எதை மாற்றினாலும் படத்தில் சிவப்பில் குறித்து, தேதி போட்டுக் கையெழுத்தும் போடுவார். துணியில் குறி போட அந்தப் பென்சிலை மனைவி ஒருமுறை கேட்டாள். மறுநாள் அவளுக்கென்று ஒரு டஜன் வாங்கி வந்தார். தன்னுடையதைத் தரவில்லை.

மகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு விடுமுறை நாளில் அவளை வேலைக்குக் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. பெரிய அலுவலகக் கட்டடம். நாலாவது மாடியில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் 'சர்வர் ரூம்' என்று போட்ட ஓர் அறை; ஆள் உயரத்துக்கு வரிசையாகக் கறுப்பு அலமாரிகள், அவற்றில் பச்சைப் புள்ளிகள் மினுக்கிக்கொண்டிருந்தன. அவர் லிஃப்ட் கதவின் சக்கரத்தை மாற்றி முடிக்கும்வரை அவள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"இதையெல்லாம் யாருப்பா பார்த்துக்கிறாங்க?"

உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவர் கதவைத் தட்டி, இங்கே வர என்ன படிக்க வேண்டும் என்று அவளிடம் கேட்டார். அவள் சொன்னதையெல்லாம் சர்வீஸ் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். கேட்டதற்கு அவருக்கு வேறொரு காரணமும் இருந்தது. அதற்கு முந்தின மாதம்தான் புது மாடல் லிஃப்ட் ஒன்றைச் சரிசெய்ய ஒருவன் லேப்டாப்போடு வந்திருந்தான். ஒரு கேபிளைச் செருகினான், திரையைப் பார்த்தான், நாலு பட்டன்களைத் தட்டினான், போய்விட்டான். பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் அவர் அவனுக்கு டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார்.

மகளின் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பாடங்களைத் தாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். மாடிவீட்டு நர்ஸின் மகன் அங்கேதான் படித்து முடித்திருந்தான். அவனுடைய பாடத்தேர்வுக் கையேட்டை அந்தம்மா கொடுத்தாள். அட்டை கிழிந்து தொலைந்திருந்தது. இவர் கெட்டி அட்டை வாங்கி ஒட்டி, 'பாடத்தேர்வுக் கையேடு' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். ஒரு மாதம் அதை வரிவரியாகப் படித்தார். எந்தப் பாடத்துக்கு முன்னால் எதை முடித்திருக்க வேண்டும், எது எந்த வகுப்பில் கிடைக்கும், எதோடு எதைச் சேர்த்து எடுக்க முடியாது. விளக்கிலிருந்து தொடங்கிப் பின்னாலேயே வந்தார். பதினொன்றாம் வகுப்பில் புரோகிராமிங் எடுத்தால்தான் பன்னிரண்டில் நெட்வொர்க் கிடைக்கும். புரோகிராமிங் எடுக்க 'கணிதம், ஏதேனும் ஒன்று' என்று கையேட்டில் இருந்தது. பொதுக் கணிதம், உயர் கணிதம் என்று பள்ளியில் இரண்டு உண்டு. கல்லூரியில் சராசரி மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். பொதுக் கணிதத்தில் மகளுக்குத் தொண்ணூறு வரும். உயர் கணிதம் அறுபதுக்கு இழுத்துவிடும்.

"எனக்கு அந்தப் பெரிய கணக்குத்தான் பிடிக்கும்ப்பா" என்றாள் மகள்.

"பிடிக்கிறது வேற பாப்பா, வேணுங்கிறது வேற. ஏதாவது ஒன்னு போதும்னு போட்டிருக்கான். தேவையில்லாத லோடை எதுக்கு இழுக்கணும்?"

அவள் படத்தைப் பார்த்தாள். அவ்வளவு நேராக, அவ்வளவு சுத்தமாக இருந்தது. சரி என்றாள். ஒன்பதிலும் பத்திலும் பொதுக் கணிதப் பெட்டியில் கோடு விழுந்தது.

பத்தாம் வகுப்பு முடியப்போகும் சமயம், பதினொன்றுக்கான பாடங்களைப் பள்ளியின் இணையதளத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டத்தில் தட்டினால் டிக் விழும். ஆங்கிலத்துக்கு விழுந்தது. இயற்பியலுக்கு விழுந்தது. புரோகிராமிங் கட்டம் மட்டும் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

"டிக் விழ மாட்டேங்குதுப்பா."

"மவுஸைப் பாரு."

மவுஸை மாற்றினார்கள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார்கள். மாடிவீட்டு நர்ஸின் லேப்டாப்பை வாங்கி வந்து அதிலும் பார்த்தார்கள். அங்கும் சாம்பல். "அவங்க சைடுலதான் ஃபால்ட்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் அரைநாள் லீவு போட்டு, படத்தைச் சுருட்டிப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றில் செருகி எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார்.

பாடத்தேர்வு ஆலோசகர் கண்ணாடி போட்ட அம்மாள். மேஜையிலிருந்த கோப்புகளை ஒதுக்கிப் படத்தை விரித்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இதை யார் வரைஞ்சது?"

"நான்தான் மேடம்."

"எங்ககிட்டயே இப்படி ஒன்னு கிடையாது. வர்றவங்களுக்கு வாயாலயே சொல்லிச் சொல்லித் தொண்டை வத்திப்போகுது."

அவருக்கு முகம் மலர்ந்தது. அந்த அம்மாளின் விரல் பத்தாம் வகுப்பில் போய் நின்றது.

"எந்த வருஷத்துக் கையேட்டை வச்சு வரைஞ்சீங்க?"

கேள்வி முடிவதற்குள்ளேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை மின்பெட்டிகளைத் திறந்து, ஒட்டியிருந்த படத்தை நம்பாமல் மீட்டரை எடுத்திருக்கிறார். இந்த ஒரு படத்துக்குக் கெட்டி அட்டை போட்டுக் கொட்டை எழுத்தில் பெயரும் எழுதினார். வருடத்தைப் பார்க்கவில்லை.

அந்த அம்மாள் மெதுவாகச் சொன்னாள். விதி மாறி மூன்று வருடமாகிறது. இப்போது புரோகிராமிங் எடுக்கப் பத்தாம் வகுப்பு உயர் கணிதம் கட்டாயம். புரோகிராமிங் இல்லாவிட்டால் நெட்வொர்க் இல்லை. இரண்டும் இல்லாமல் அந்தக் கல்லூரியில் கணினிப் பிரிவு விண்ணப்பத்தையே வாங்க மாட்டார்கள். ஒரே ஒரு வழி உண்டு. விடுமுறையில் ஆறு வாரம் தினமும் காலை இணைப்பு வகுப்பு; இரண்டு வருடக் கணக்கும் அதற்குள் முடிய வேண்டும். கடைசியில் ஒரு பரீட்சை. அறுபது எடுத்தால் கட்டம் திறக்கும்.

"எடுக்கலைன்னா?"

"வேற பாடம் நிறைய இருக்கு" என்றாள் அந்த அம்மாள். படத்தைத் தானே சுருட்டிக் கொடுத்தாள்.

வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே மனைவி மெஷினை நிறுத்திவிட்டாள். மகள் அறை வாசலில் வந்து நின்றாள்.

"உயர் கணக்கு வேணுமாம் பாப்பா. நான் பார்த்தது பழைய புக்கு."

கையிலிருந்த குழாயைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"நான் கேட்டேன்ல, அப்பா" என்றாள் மகள். குரல் உயரவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். இணைப்பு வகுப்பைப் பற்றி அவர் சொல்ல, நின்றபடியே கேட்டுக்கொண்டாள். எட்டரைக்கா ஒன்பதுக்கா என்று மட்டும் கேட்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு ஏழு மணிக்கு மேஜையில் படம் விரிந்தது. விரல் விளக்கிலிருந்து கிளம்பவில்லை. சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். பொதுக் கணிதம் என்றிருந்த இரண்டு பெட்டிகளையும் குறுக்கே அடித்தார். பக்கத்தில் சிவப்பில் 'தவறான இணைப்பு' என்று எழுதினார். தேதி. கையெழுத்து.

"இதைக் கிழிச்சுப் போட்டுட்டுப் புதுசா ஒன்னு வரைஞ்சிடுங்களேன். பார்க்குறப்பல்லாம் குத்தும்" என்றாள் மனைவி.

"கிழிச்சுட்டா, எவன் பண்ணினான்னு அடுத்தவனுக்கு எப்படித் தெரியும்?"

"அடுத்தவன் யாரு? அவ ஒருத்திதானே?"

அவர் படத்தைச் சுருட்டினார். மகளின் அறைக்குப் போய், துணி அலமாரிக் கதவின் உள்பக்கம் இதை ஒட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "ஒட்டுங்க" என்றாள். நாலு மூலைக்கும் டேப் போட்டு ஒட்டினார். மறுநாள் சட்டை எடுக்க அலமாரியைத் திறந்தவள் திறந்த கதவின் முன்னால் சற்று நேரம் நின்றதை மனைவி பார்த்தாள்.

அந்த ஆறு வாரமும் காலையில் பஸ் நிறுத்தம் வரை மகளோடு நடந்தார். அவருடைய பஸ் எதிர்ப்பக்கம் வரும். முன்பெல்லாம் இன்று டெஸ்ட் உண்டா, எத்தனை மார்க் என்று கேட்டுக்கொண்டே வருவார். இப்போது கேட்கவில்லை. முதல் வாரம் அவளும் பேசவில்லை. மூன்றாம் வாரம் ஒருநாள், பஸ் வருவதற்குள், "ஒரு கணக்கு நாலு பக்கம் போகுதுப்பா. விடையிலேர்ந்து பின்னாடி வந்தா ஒரு பக்கத்துல முடிஞ்சிடுது" என்றாள். அவர் தலையாட்டினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பஸ் வந்துவிட்டது.

பரீட்சை சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முடிவு. மதிப்பெண்ணைச் சொல்ல மாட்டார்கள். கட்டம் திறந்திருந்தால் தேறிவிட்டாள் என்று அர்த்தம். அவர் சீருடை போட்டுக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மகளின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். மனைவி மேஜைக்கு வரவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருந்தாள்.

பக்கம் திறந்தது. புரோகிராமிங் கட்டம் வெள்ளையாக இருந்தது.

மகள் மவுஸை நகர்த்தித் தட்டினாள். டிக் விழுந்தது.

"எடுத்துட்டு மறுபடி போடு" என்றார் அவர்.

எடுத்தாள். போட்டாள். விழுந்தது.

மூன்றாவது தடவை அவர் சொல்லாமலே எடுத்துவிட்டுப் போட்டாள். விழுந்தது. திரும்பி அவரைப் பார்த்தாள்.

அவருடைய இடது கை இன்னும் பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது.