கண்டியில் வைத்த தேசிக்கன்று

இந்தக் கனேடியக் கல்லூரியின் சாப்பாட்டு மண்டபத்தில் சூப்புக்குப் பக்கத்தில் ஒரு அட்டை வைப்பார்கள். கரட் எந்தத் தோட்டத்தில் விளைந்தது, எத்தனை கிலோமீட்டர் தாண்டி வந்தது என்று அதில் எழுதியிருக்கும். கரட்டுக்குக்கூட ஒரு சொந்த ஊர் இருக்கிறதே என்று பரிமாறும்போது நினைத்துக்கொள்வேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாணவி, "லோக்கலா?" என்று கேட்டாள். என்னைத்தான் கேட்கிறாளாக்கும் என்று, "நோ, சிறிலங்கா" என்றேன். பாவம், சூப்பை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அயலில் விளைந்ததைச் சாப்பிடுவது இங்கே பெரிய கொள்கை. கண்டிக்குப் பக்கத்தில் நான் படித்த ஆசிரியர் கலாசாலையில் அதற்குப் பெயரே கிடையாது. ஊரடங்கு போட்டால் லொறி வராது, அவ்வளவுதான். விடுதிக்கு மரக்கறி தருகிற பக்கத்து ஊர் அலவத்துகொட முஸ்லிம் வியாபாரி சபூர் நானா, அக்கம்பக்கத்து வீடுகளில் கிடைத்த ஈரப்பிலாக்காயையும் மரவள்ளிக்கிழங்கையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். விடுதிக்குப் பின்னால் நாங்களும் பாத்தி போட்டோம். நான் கீரை மட்டும்தான் போடுவேன். ஒரு மாதத்தில் பிடுங்கிவிடலாம்.

"எந்த நாளும் கீரைதானா தங்கச்சி? ஒரு மரம் வெச்சா என்ன?"

"நான் யாழ்ப்பாணம் போறவள், நானா. மரத்தை ஆர் பாக்கிறது?"

"நீங்க போனாலும் மத்தவங்களுக்குப் பசிக்கும்தானே."

எனக்குச் சுள்ளென்றது. அடுத்த கிழமையே ரோசத்தோடு ஒரு தேசிக்கன்று, எலுமிச்சைதான், வாங்கி நட்டேன். அது புதுத்தளிர் விட்ட நேரம் தமிழரைத் தேடித்தேடி அடிக்கிற கலவரம் வந்தது. நானா தன் வீட்டு அறையில் என்னை நான்கு நாள் ஒளித்து வைத்துவிட்டு, பிறகு வடக்கே அனுப்பினார். அங்கேயும் சண்டை விடவில்லை. இந்தக் குளிருக்குள் வந்து விழுந்தேன்.

போன மாதம் கல்லூரித் தோட்டத்துக்குப் பொறுப்பான பிறெண்டா, ஒரு அப்பிள் கன்றைக் காட்டி, "இதை நீ நடு. காய்க்க ஐந்து வருடமாகும். இருப்பாய்தானே?" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன். மரம் வைத்தால் அந்த இடத்திலிருந்து கலைபடுவேன் என்று மனதுக்குள் ஒரு பயம். விசர்க்கதைதான். ஆனால் இத்தனை வருடமும் நான் கீரையைத் தவிர வேறொன்றும் நட்டதில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் அலவத்துகொடவில் நானா வீட்டுக்கு போன் எடுத்தேன். நானா மௌத்தாகிவிட்டாராம். இப்போது விடுதிக்கு மரக்கறி கொடுக்கிற அவருடைய மகள்தான் பேசினாள்.

"மரம் ஈக்கிது மாமி. நல்லாக் காய்க்கிது. விடுதியில தேசிக்காய் வெலைக்கு வாங்குறதே இல்ல."

"மெய்யாவோ?"

"ஓ. யாழ்ப்பாணத்து மரம் எண்டுதான் எல்லாரும் சொல்ற."

போனை வைத்துவிட்டு அழுதேன். கண்டி மரம் என்றே அதை நான் நினைத்திருந்தேன். நான் ஒருநாளும் பிழியாத சாறு, முகம் தெரியாத பிள்ளைகளின் சோற்றில் விழுகிறது. ஒரு காயையாவது பறித்து முகர்ந்து பார்க்க ஆசையாக இருந்தது. ஊரில் இன்னும் சண்டை ஓயவில்லை. எப்படிப் போவது?

அடுத்த நாள் அப்பிள் கன்றை நட்டேன். நட்டவரின் பெயரையும் ஊரையும் எழுதச் சொல்லி பிறெண்டா ஒரு பலகைத்துண்டு தந்தாள். பிறந்த ஊரை எழுதப் போய்க் கை நின்றது. ஆங்கிலத்தில் கண்டி என்று எழுதினேன்.

"கேண்டி? அப்ப நல்ல இனிப்பாய்க் காய்க்கும்" என்று சிரித்தாள் பிறெண்டா.

அது ஒரு ஊர் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு பலகையைக் கன்றுக்குப் பக்கத்தில் ஊன்றினேன்.