செண்பக மரம் தாண்டும்வரை

அரண்மனைத் தோட்டத்தில் இப்போது சக்கர நாற்காலிக்கென்று சரிவுப் பாதை போட்டிருக்கிறார்கள். மகள் என்னைத் தள்ளிக்கொண்டு போகையில் சக்கரத்தடியில் சரளைக்கல் நெரிபட்டது. எழுபது வருஷத்துக்கு முன் கேட்ட அதே சத்தம்.

அன்று தள்ளியவள் நான். எனக்குப் பத்து வயது. நாற்காலியில் ஆறு வயதுத் தங்கை கோமு. ஒரு காய்ச்சலோடு அவள் கால்கள் சுவாதீனமில்லாமல் போயிருந்தன. அந்தத் தோட்டத்தில் மேற்பார்வை பார்த்த அப்பா, பிரம்பு நாற்காலிக்குச் சக்கரம் பூட்டி, வெள்ளிக்கிழமைகளில் எங்களை அழைத்துப் போவார். கோட்டைக்குள் எங்கள் தெருவை விட்டால் அவள் பார்த்த உலகம் அது ஒன்றுதான்.

அங்கே பூப்பதெல்லாம் கோயிலுக்கு. முகர்ந்த பூ பூஜைக்கு ஆகாது என்று அம்மா சொல்லியிருந்தாள். அதனால் செண்பக மரத்தை நெருங்கும்போதெல்லாம் அதட்டுவேன்.

"மூக்கைப் பொத்திக்கோ கோமு. ஸ்வாமிக்குள்ளதாக்கும், கேட்டியா."

இரண்டு கையாலும் இறுக்கிப் பொத்திக்கொள்வாள். "மரம் தாண்டிடுத்தா அக்கா?" என்று கேட்டுக்கொண்டே வருவாள். நான் வேண்டுமென்றே மெதுவாகத் தள்ளுவேன். அதிகாரம் பண்ணுவதில் அப்படி ஒரு சுகம்.

அடுத்த ஆடியில் மறுபடி காய்ச்சல் கண்டு கோமு போய்விட்டாள். பல நாள் கழித்து, அவளை மூக்கைப் பொத்த வைத்ததை அப்பாவிடம் சொன்னேன்.

"காத்துல வர வாசனைக்கு தோஷம் ஏதுடி?" என்றார்.

இன்று மகள் உதிர்ந்து கிடந்த செண்பகம் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"மோந்து பாரும்மா."

வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"மரம் தாண்டட்டும்" என்றேன்.