கொய்வுலம்பி என்ற ஊரும் என் தம்பியும்

தம்பி எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் வணக்கம். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. "நீ சொல்லும்மா, நான் எழுதுறேன்" என்றாள் மகள். என் தம்பிக்கு நானே எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன்.

தம்பி பிறந்தது கமுதிப் பக்கம். அப்பா போனபின் சின்ன வயதிலேயே துபாய் வந்து, அல் கூஸில் ஒரு மரக்கிடங்கில் சேர்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. பின்லாந்து நாட்டுப் பலகைகளை இறக்கி அடுக்குவது அவர் டூட்டி. மரம் அறுத்த ஊரின் பெயர் பலகை முனையில் முத்திரையாக இருக்கும்: கொய்வுலம்பி.

ஒரு நாள் வந்த பலகைகளில் வேறு பெயர் இருந்தது. சரக்கு மாறிவிட்டது என்று தம்பி லாரியையே நிறுத்திவிட்டார்.

"யோவ், மரம் மரந்தானய்யா! யல்லா, இறக்கு!" என்று ஃபோர்மேன் கத்தினாராம். தம்பி அசையவில்லை. கடைசியில், அப்போது துபாய் வந்திருந்த, பலகை அனுப்பும் பின்லாந்துக்காரப் பெரியவரே வந்து பார்த்தாராம்.

"சரக்கு சரிதான். ஊர்தான் இல்லாமல் போய்விட்டது" என்றாராம்.

அது அந்தப் பெரியவர் பிறந்த ஊர். பக்கத்து நகரத்தோடு சேர்த்துவிட்டார்களாம். அவர் சொன்னதையெல்லாம் தம்பி ஞாயிற்றுக்கிழமை அல் குசைஸில் நான் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார். வெள்ளைப் பட்டை மரங்கள் நிற்கும் குளம் என்று அந்தப் பெயருக்குப் பொருளாம். சுற்றிலும் காடு, நடுவில் பெரிய ஏரி. முதலில் சொந்தமாகத் தேவாலயம் கிடையாது. இறந்தவரைப் படகில் ஏற்றி ஏரி தாண்டிக் கொண்டுபோவார்களாம். குளிரில் ஏரி உறைந்தால் அதன் மேலேயே வண்டி போகுமாம். பிறகு தேவாலயம் கட்டி, தனி ஊராட்சி ஆனார்கள். காட்டை எரித்துத் தானியம் விதைத்தவர்கள் மரம் அறுக்கப் போனார்கள். பிள்ளைகள் நகரத்துக்குப் போனார்கள். பள்ளிக்கூடம் மூடியது. கடைசியில் பெயரும் போனது.

"உனக்குப் பொண்ணு பாத்த ஊரப் பத்தி ஒரு வார்த்த கேட்டியாடா? இதுக்கு இம்புட்டுக் கேட்டிருக்க!" என்றேன்.

"அந்த ஊரு அங்கனயே இருக்கு. இது இல்லாமப் போச்சேக்கா. யாராச்சும் கேக்கணும்ல?"

பழைய முத்திரை இருந்த கட்டைத் துண்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார். ஞாயிறுதோறும் நான் அந்தப் பெயரைச் சரியாகச் சொன்னால்தான் சோற்றில் கை வைப்பார். பேரப்பிள்ளைகள் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் இருவரும் இல்லாத ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

டூட்டிக்குச் சட்டை மாட்டும்போது மாரடைப்பு வந்து தம்பி போய்விட்டார். உடல் விமானத்தில் கடல் தாண்டிப் போனது. கூடப் போக என் முழங்கால் விடவில்லை.

அந்தக் கட்டையாவது வேண்டும் என்று தம்பி தங்கியிருந்த கேம்புக்குப் போனேன். பெட்டியில் அது இல்லை. தம்பி படுத்த கட்டிலில் புதிய ஆள் இருந்தார். ஆடுகிற கட்டில் காலுக்கு அதை முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"சும்மா கெடந்துச்சுன்னு வச்சோம் ஆத்தா. என்ன எழுதியிருக்கு இதுல? எங்க யாரு வாயிலயும் நொழைய மாட்டேங்குது."

எனக்கு அந்த எழுத்து தெரியாது. "கொய்வுலம்பி" என்றேன். அறையில் இருந்த ஆறு பேரும் சொல்லிப் பார்த்தார்கள். தப்பாகச் சொன்னார்கள். திருத்தினேன்.

கட்டிலுக்கு வேறு முட்டுக் கொடுத்துக் கட்டையை என் கையில் தந்த அந்த அறைப் பிள்ளைகளுக்கும், உடலை அனுப்பக் காகிதம் தூக்கி அலைந்தவர்களுக்கும், ஊரில் இறக்கி வாங்கிக் கொள்ளி வைத்தவர்களுக்கும் என் நன்றி.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டையை எதிரே வைத்து, பெயரை ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுகிறேன். சரியாகச் சொன்னேனா என்று சொல்ல ஆளில்லை.