கிழிக்காத ஃபாரம்

லிஃப்ட் கதவு மூடியதும் அந்த வாசனை வந்தது. நீலகிரித் தைலமும் தேங்காய் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய வாசனை. வேளச்சேரியில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் யாரோ முட்டி வலிக்குத் தேய்த்துக்கொண்டு எனக்கு முன்னால் போயிருக்க வேண்டும். ஆளைக் காணோம், வாசனை மட்டும் என்னோடு ஏழாவது மாடி வரை வந்தது. கதவு திறந்தது. நான் இறங்கவில்லை. கீழே போனேன், மறுபடி மேலே வந்தேன். ஐம்பதைத் தாண்டிய ஒருத்தி கையில் கீரைக்கட்டோடு லிஃப்டில் ஏறி ஏறி இறங்கினால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? நினைத்துக்கொள்ளட்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மயிலாப்பூரில், எங்கள் வீட்டுக்கே அந்த வாசனைதான். அப்பா வங்கியில் குமாஸ்தா. மாலை ஐந்தரைக்கு மேல் ஒரு கால்பந்து கிளப்பின் செயலாளர். சென்னை லீகில் இரண்டாவது டிவிஷன். அதற்கு மேலே ஏறியதும் இல்லை, கீழே விழுந்ததும் இல்லை. நடுவிலேயே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்த கிளப். அதற்கென்று தனியாக இடம் கிடையாது, எங்கள் கூடம்தான் கிளப். சிமெண்ட் கோணியில் பூட்ஸ், கொடியில் ஜெர்ஸி, ஊஞ்சலுக்கு அடியில் காற்றுப்போன பந்துகள், அடுப்பில் இரும்புச் சட்டியில் தைலம்.

"ஆத்துல சாம்பார் வாசனை வந்து எத்தனை நாளாச்சு தெரியுமோ?" என்பாள் அம்மா.

"சாம்பார் தேய்ச்சா முட்டி வலி போகுமோடி?" என்பார் அப்பா.

கிளப்பில் எனக்கு ஒரு வேலை உண்டு. ஃபாரம் எழுதுவது. சீசனின் கடைசி ஆட்டம் முடிந்த அன்று சாயங்காலம் எல்லோரும் எங்கள் கூடத்துக்கு வருவார்கள். முணுமுணுத்துக்கொண்டே அம்மா வாழைக்காய் பஜ்ஜி போடுவாள். கேரம் போர்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் அடுத்த சீசனுக்கான பதிவு ஃபாரங்களை அப்பா அடுக்குவார். ஒன்றிலும் ஒரு எழுத்து இருக்காது. பெயர் இல்லை, கிளப் இல்லை, வயது இல்லை. ஆட்டக்காரர்கள் எண்ணெய்க் கையை டவுசரில் துடைத்துக்கொண்டு, கீழே கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போவார்கள். பதிவு வாரம் வரும்போது மற்றதையெல்லாம் நான் நிரப்பி, மைதா பசையால் படம் ஒட்டி, கட்டாகக் கட்டித் தருவேன்.

வெற்றுத் தாளில் ஏன் கையெழுத்து என்றால், பயம். பதிவு வாரத்தில் நல்ல ஆட்டக்காரனை மற்ற கிளப்காரர்கள் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள், பிரியாணி வாங்கிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அப்பாவால் பிரியாணிக்குப் போட்டி போட முடியாது. அதனால் முன்கூட்டியே பஜ்ஜி. எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. ஒரே ஒரு ஆபத்து இருந்தது. ஒரு ஆட்டக்காரனின் கையெழுத்தோடு இரண்டு கிளப்பிலிருந்து ஃபாரம் வந்துவிட்டால், எது முந்தியது என்று லீகில் யாரும் விசாரிக்க மாட்டார்கள். அந்த ஆளுக்கு ஒரு வருடம் தடை.

ஃபாரம் எழுதுவதால் எனக்கு ரைட்டரம்மா என்று பெயர் வந்தது, போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் மாதிரி. அந்தப் பெயரை வைத்தவன் அவன்.

அவன் லெஃப்ட் ஹாஃப். நடு வரிசையில் இடது பக்கம். பட்டினப்பாக்கத்துக்கு அந்தப் பக்கம், கடலை ஒட்டிய குப்பத்தில் வீடு. பகலில் கோடம்பாக்கத்தில் செட் போடும் வேலை. அரண்மனைத் தூணுக்குத் தங்க நிறம் அடித்துவிட்டு, முழங்கை வரை தங்கமாக மைதானத்துக்கு வருவான். முதல் பாதியின் வியர்வையில் தங்கம் கரைந்து ஜெர்ஸியில் இறங்கும். அதை ஊறவைத்துத் துவைப்பதும் நான்தான். கறை போனதே இல்லை, போகவேண்டும் என்று நான் அடித்துத் துவைத்ததும் இல்லை.

ஆட்டம் பார்க்க முப்பது பேர் வந்தால் அதிகம். ஆட்ட நாளில் வங்கியில் பர்மிஷன் போட்டுவிட்டு வந்து, நந்தனம் மைதானத்தில் மூன்று மணி வெயிலில் அப்பா நோட்டைப் பிரித்துக்கொண்டு நிற்பார், பக்கத்தில் நான் எலுமிச்சை நறுக்கிய டப்பாவோடு. பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே அவன் தலையைத் திருப்பித் தோளுக்குமேல் ஒருமுறை பார்ப்பான். பந்து வந்ததும் பார்க்காமலே தட்டிவிடுவான், அது போய்ச் சேரவேண்டிய காலில் போய்ச் சேரும். அந்த ஒரு திருப்பலுக்காக நான் தொண்ணூறு நிமிடம் வெயிலில் நின்றேன். அந்தப் பார்வை எல்லைக்கோடு வழியாக வந்து, என்னைத் தொட்டு, நிற்காமல் போகும். நான் யாருக்கும் பாஸ் கொடுக்கத் தகுந்த இடத்தில் நின்றவள் இல்லையே.

கோல் அடிக்க மாட்டான். எங்கள் கோல்கீப்பர் அந்தக் கோடியிலிருந்து கத்துவான்: "டேய் நைனா! குடுக்கறதுக்குன்னே பொறந்தியாடா? நீயும் ஒண்ணு அடியேன்!"

"நானே அடிச்சிட்டா நீங்கள்லாம் இன்னாத்துக்கு மச்சி கீறீங்க?"

"லெமன் துன்றதுக்கு!"

இப்படியே ஐந்து சீசன். பத்தொன்பது வயதில் வந்தவனுக்கு இருபத்துநாலு ஆயிற்று. இரண்டாவது டிவிஷன் லெஃப்ட் ஹாஃப் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வராது. சில நாள் ஆட்டத்தின் முடிவுகூட வராது. ஆனால் அந்த டிவிஷனில் ஆடிய எல்லோருக்கும் ஒரு கதவு மட்டும் தூரத்தில் தெரிந்துகொண்டே இருக்கும். அலுவலக அணிகள். அவர்கள் டீமில் ஆட எடுத்துக்கொண்டால் முதலில் தற்காலிக வேலை, அப்புறம் நிரந்தரம். மாதச் சம்பளம், குவார்ட்டர்ஸ், பென்ஷன். ஆனால் இருபத்தைந்து வயது முடிந்துவிட்டால் எடுக்க மாட்டார்கள். ஒருநாள் அதிகமென்றாலும் மாட்டார்கள்.

அந்த வருடம் பதிவு வாரத்தில் ஒரு மத்தியானம் வந்தான். அப்பா வங்கியில் இருக்கும் நேரம் பார்த்து வந்திருந்தான். அம்மா உள்ளே படுத்திருந்தாள். நான் கூடத்தில் ஃபாரங்களைப் பரப்பி எழுதிக்கொண்டிருந்தேன்.

"இன்னா ரைட்டரம்மா, கை சுளுக்கிக்கலியா?"

"உங்களோடது இன்னும் எழுதலை."

"எழுதாதீங்க." செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தான். "ஆபீஸ் டீம்ல கூப்ட்டாங்க. நேத்து கையெழுத்துப் போட்டுட்டேன். ஆறு மாசம் ஆடுனா பர்மனென்ட்டு. ஆனி பொறந்தா எனக்கு இருபத்தஞ்சு முடியுது. இத்த வுட்டா வேற கெடையாது."

நல்லது என்று சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

"சார் மொகத்தைப் பாத்து இப்ப சொல்ல முடியாது. அழுதுருவாரு. பதிவு முடியட்டும், நானே வந்து கால்ல வுழுந்து சொல்லிக்கிறேன். நீங்க அந்த ஃபாரத்தை மட்டும் கிழிச்சிடுங்க. அது ஒண்ணுதான். கிழிச்சிடுவீங்கல்ல?"

"கிழிச்சுடறேன்."

அவன் போனபின் அந்தத் தாளை எடுத்தேன். வெற்றுத் தாள், அடியில் அவன் கையெழுத்து. முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டு, மற்றதை அவசரமாக இழுத்துவிட்டிருந்தான். கிழிக்க எத்தனை நேரமாகும்? தாளின் மேல் விளிம்பில் இரண்டு கட்டைவிரலையும் வைத்தேன். அடுத்த சீசனில் நான் யாருடைய ஜெர்ஸியைத் துவைப்பேன் என்று தோன்றியது. அலுவலக டீமுக்கு ஜெர்ஸி துவைக்க ஆள் இருக்கும். அவர்களுடைய மைதானத்தில் நான் எந்தக் கோட்டில் போய் நிற்பேன், யாருடைய மகள் என்று சொல்லிக்கொண்டு?

சாயங்காலம் கிழித்துக்கொள்ளலாம் என்று வைத்தேன். சாயங்காலம், நாளைக் காலை என்று வைத்தேன். இரவு சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, வேலை மிச்சம் வைக்கப் பிடிக்காதவள் மாதிரி, மற்ற ஃபாரங்களோடு அதையும் நிரப்பினேன். பெயர். தகப்பனார் பெயர். ஆடும் இடம். படம் ஒட்டினேன். இதை இதுவரை வீட்டில் யாரிடமும் நான் சொன்னதில்லை. மறதி என்றால் நிரப்பியிருக்க மாட்டேன்.

மறுநாள் கடைசி நாள். நான் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்த் திரும்பியபோது மேஜை காலியாக இருந்தது.

"அப்பா அரை நாள் லீவு போட்டுண்டு வந்து ஃபாரக் கட்டை எடுத்துண்டு போயிட்டார்" என்றாள் அம்மா. "எல்லாம் கச்சிதமா எழுதி வெச்சிருக்கா பொண்ணுன்னு பெருமை வேற."

மணி பன்னிரண்டரை. மூன்று மணி வரை பதிவு, கடைசி நாள் வரிசையும் நீளமாக இருக்கும். சென்ட்ரல் பக்கம்தான் லீக் அலுவலகம். லஸ் முனைக்கு ஓடினேன், ஓடினேன் என்று சொன்னால் பொய், வேகமாக நடந்தேன். பஸ் வந்தது. கூட்டம். விட்டுவிட்டேன். அடுத்தது வந்தது, அதில் கூட்டமில்லை. ஏறினால் அப்பாவிடம் என்ன சொல்வேன் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அது நகர்ந்தது. மூன்றாவது பஸ் வரும்போது நான் நிறுத்தத்தில் இல்லை. கால்வாய் ஓரமாக, ரயில் பாலத்துக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்தார்களே, அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். கம்பி கட்டுபவர்கள் உச்சியிலிருந்து ஏதோ கேலி பேசினார்கள். மூன்று மணி அடிக்கும்வரை நடந்தேன்.

பட்டியல் ஒட்டியபோது அவன் பெயர் இரண்டு கிளப்புக்கு எதிரில் இருந்தது. ஒரு வருடம் தடை. அலுவலக அணி, அடுத்த வருடம் வா என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பியது. அடுத்த வருடம் அவனுக்கு வயது தாண்டிவிடும் என்று அவர்களுக்கும் தெரியும்.

எங்கள் கூடத்தில் வைத்துத்தான் அப்பா அவனைக் கேட்டார். டீம் மொத்தமும் நின்றது. "எனக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு அங்கேயும் போய்ப் போட்டிருக்கே. என்னை என்னன்னு நெனச்சிண்டிருக்கே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கிழிச்சுப் போட்டிருக்க மாட்டேனா?"

அவன் நிமிர்ந்தான். சமையலறை நிலையில் நின்ற என்னை ஒருமுறை பார்த்தான். "ரைட்டரம்மாகிட்ட சொன்னேன் சார்" என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். நான் அதற்காகக் காத்திருந்தேன். அவன் வாயிலிருந்து வரட்டும், வந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று பிசாசு மாதிரிக் காத்திருந்தேன்.

"தப்புதான் சார்" என்றான். "மறந்துட்டேன்."

"எத்தினி எடத்துல கையெழுத்துப் போட்டோம்னு மறக்கறதுக்கு நீ இன்னா சினிமா ஸ்டாராடா?" என்று கோல்கீப்பர் சூழ்நிலையைக் கலைக்கப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் பல மாதம் எங்கள் வீட்டுக்கு அவன் வரவில்லை. எங்கள் கிளப் வேறு ஒரு பையனை லெஃப்ட் ஹாஃபில் ஆட வைத்தது. பந்து வந்தபிறகுதான் அந்தப் பையன் தலையைத் தூக்குவான். எனக்கு மட்டும் தெரிந்த குறை அது. சில ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் மீன்காரர்களின் கடலைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்ல முடியாதாகையால், கோயில் என்று சொல்லிவிட்டுப் பட்டினப்பாக்கத்துக்கு நடப்பேன். வெறுங்காலோடு மணலில் அவனும் குப்பத்துப் பையன்களும் ஆடுவார்கள். மணலில் பந்து ஓடாது, அவன் கொடுக்கும் பாஸ் பாதியில் நின்றுவிடும். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன்.

தடை முடிவதற்கு முன்பே வளைகுடாவுக்கு விசா வந்துவிட்டது. கிடங்கில் மூட்டை அடுக்கும் வேலை. போவதற்கு முதல் நாள் பிற்பகல் அப்பாவிடம் சொல்லிக்கொள்ள வந்தான். பயணத்துக்காக முடியை ஒட்ட வெட்டியிருந்தான், புதுச் சட்டை. அப்பா உள் அறையில் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு வெளியே வரவில்லை. நல்லபடியா போகச் சொல்லு என்று மட்டும் குரல் வந்தது. அம்மா ஒரு டம்ளர் காப்பி கொடுத்தாள். நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பினான்.

நான் அம்மாவிடம் எதுவும் சொல்லாமல் பின்னாலேயே போனேன். மந்தைவெளி வரை பத்தடி இடைவெளியில் நடந்தோம். தூறல். பஸ் நிலையத்தின் கூரைக்கடியில் அவன் நின்றான், திரும்பாமலே கேட்டான்.

"எவ்ளோ தூரம் மார்க் பண்ணிக்கினே வருவீங்க ரைட்டரம்மா? ஃபவுல் குடுத்துருவாங்க."

"அந்த ஃபாரம்" என்றேன். "நான் மறக்கலை."

"தெரியும்."

"வேணும்னேதான். கிழிக்காம, எழுதி, படம் ஒட்டி வெச்சேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டு ஏறாம திரும்பி வந்தேன்."

அவன் முகம் மாறியது. அத்தனையும் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. தூரத்தில் நடத்துனர் விசில் ஊதினார், ஒரு பஸ் பின்வாங்கியது. ஈரத் தலையைக் கையால் வழித்துவிட்டுக்கொண்டான்.

"நம்ம வூட்டுல ஆத்தா குவார்ட்டர்ஸுக்குன்னு சட்டிபானைகூட வாங்கி வெச்சிருந்துச்சு" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். தகவல் மாதிரிச் சொன்னான்.

பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்துவிட்டான்.

"ஏன்னு கேக்க மாட்டீங்களா?" என்றேன்.

கம்பியைப் பிடித்தபடி குனிந்து என்னைப் பார்த்தான்.

"வாணாம். கேட்டா நீ சொல்லிருவ. சொல்லிட்டா நான் எப்டிப் போறது?"