ஆக்டிங் கோமதிநாயகம்

1. வந்த கதை

ஆடித்தபசுக்கு மறுநாள் எனக்கு வயிற்றால் போயிற்று. திருவிழாக் கடையில் தின்ற மிட்டாயோ, குடித்த தண்ணீரோ, எது என்று தெரியாது. பார்சல் ஆபீஸ் வாசலில் வேன் நிறையச் சேலை பண்டல் ஏற்றி நிற்கிறது. கடையநல்லூர் போக வேண்டும். நானோ ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டிய கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

முதலாளி என் முகத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டார். "வே, நீரு வீட்டுக்குப் போயிப் படும். ஒரு பையன வரச் சொல்லுதேன். ஆக்டிங்."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பெர்மனென்ட் டிரைவர் லீவு போட்டால் அன்றைக்கு மட்டும் வண்டி எடுக்கிறவன்தான் ஆக்டிங் டிரைவர். யாரும் லீவு போடவில்லையென்றால் அவனுக்கு வண்டியும் இல்லை, சம்பளமும் இல்லை. எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் லைசென்ஸ் வைத்திருந்தவன் எல்லாம் இப்படித்தான் தொடங்கினான், நான் உட்பட.

வந்தவன் பெயர் கோமதிநாயகம். நல்ல உயரம். நான் குட்டை. நான் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தால், "ஸ்டியரிங் தானா சுத்திக்கிட்டு வருது பாரு, ஆளைக் காணோம்" என்று லோடுமேன்கள் கேலி செய்வார்கள். அவனோ சீட்டில் உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும்.

உடம்பு தேறி ஆபீசுக்குப் போனேன், குறை கண்டுபிடிக்க வேண்டும் என்ற முடிவோடு. என் வண்டியை இன்னொருத்தன் தொட்டாலே எனக்கு ஆகாது. அப்போதுதான் ட்ரிப் முடித்து வந்திருந்தான் போலிருக்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டுச் சீட்டிலேயே இருந்தான். முதுகைக் குறுக்கி, கழுத்தை உள்ளே இழுத்து, முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் முட்ட, கையை வெளியே நீட்டிக் கண்ணாடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"ஏலே, என்ன பண்ணுதே? முதுகு பிடிச்சிட்டா?"

"இல்ல அண்ணாச்சி. ஓட்டுறதுக்காக என் கண்ணுக்குத் திருப்பினேன். உங்க கண்ணு இந்த உசரத்துலதான இருக்கும்? அதுக்குத் தக்கன திருப்பி வைக்கேன்."

ஏறி உட்கார்ந்து பார்த்தேன். பின் டயரும், பக்கத்துச் சைக்கிள் கடையும், தெருவும் நான் விட்டுப்போனபடியே தெரிந்தன. குறை சொல்ல வந்தவனுக்கு ஒரு குறையும் கிடைக்கவில்லை. ஆனாலும் விட மனசில்லை. "ஹாரன் சத்தம் கம்மியாயிட்டே" என்று சொல்லி வைத்தேன்.

2. காத்துக் கிடந்தது

அன்று முதல் அவன் தினமும் வருவான். குளித்து, தலை சீவி, லைசென்ஸைச் சட்டைப் பையில் வைத்து, காலையில் ஷெட் திறக்கும்போதே நிற்பான். எங்களில் யாராவது லீவு என்றால் வண்டி எடுப்பான். இல்லையென்றால் டயருக்குக் காற்று பார்ப்பான், தார்ப்பாய்க்குக் கயிறு போடுவான், பிறகு வீட்டுக்குப் போவான். முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது.

முதலாளி அவனுக்கு ஒரு வாக்கு கொடுத்திருந்தார். "அடுத்த வண்டி வாங்கினா உனக்குத்தாம்லே."

"சொல்லுறதுக்கு என்ன, காசா பணமா?" என்று நான் அவனைச் சீண்டுவேன். "பேசாம மதுரைப் பக்கம் லாரிக்குப் போலே. லாங் ட்ரிப்பு போனா கை நிறையக் கிடைக்கும்."

"அப்பாவ யாரு தூக்கி உக்கார வைப்பா அண்ணாச்சி?" என்பான்.

அவன் அப்பாவுக்குப் பக்கவாதம். ஒரு பக்கம் விளங்காது. காலையில் குளிப்பாட்டவும் ராத்திரி திருப்பிப் படுக்க வைக்கவும் வீட்டில் வேறு ஆண்பிள்ளை இல்லை. லாரிக்குப் போனால் வாரக்கணக்கில் வீடு திரும்ப முடியாது. எங்கள் வேன் என்றால் பொழுது சாய ஊருக்கு வந்துவிடும். அவனுக்குத் தோதான வேலை இது ஒன்றுதான். அதற்காகத்தான் காத்துக் கிடந்தான்.

3. பெண் வீட்டார் விசாரிக்க வந்தது

இப்படி இருக்கையில் அவனுக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்தது. இளையரசனேந்தல் பக்கத்துப் பெண், பெயர் வேலம்மாள். மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடத்துக்கே வந்து நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் பெண் கொடுப்பேன் என்று அவளுடைய அப்பா சொல்லிவிட்டார். ஆக்டிங் என்று தெரிந்தால் எவன் பெண் கொடுப்பான்?

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். நான் ஒரே ஒரு பொய்தான் ஏற்பாடு செய்தேன். அன்றைக்கு நான் லீவு. என் வண்டியை அவனிடம் கொடுத்துப் பக்கத்து ஊரான திருவேங்கடத்துக்கு ட்ரிப் அனுப்பினேன். மாட்டேன் மாட்டேன் என்றவனுக்கு என் காக்கிச் சட்டையையும் வம்படியாக மாட்டிவிட்டேன். கை முழங்கை வரைக்கும்தான் வந்தது. "யார் கேட்டாலும் பெர்மனென்ட்னு சொல்லுங்கலே" என்று லோடுமேன்களிடம் சொல்லி வைத்தேன்.

பெரியவர் வந்தார். தோளில் துண்டு, காலில் காய்ந்த கரிசல் மண். பெஞ்சில் உட்கார வைத்துக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தேன்.

"பையன் இங்கன பெர்மனென்டா?"

"பின்ன! அவன் இல்லேன்னா இந்தக் கம்பெனி வண்டி நகருமா?" என்றேன் நான்.

அந்த நேரம் பார்த்து வேன் வந்து நின்றது. கோமதிநாயகம் இறங்கினான், நேரே பெரியவரிடம் வந்தான், கும்பிட்டான்.

"ஐயா, இந்தச் சட்டை அண்ணாச்சியோடது. வண்டியும் அவங்க ஓட்டுறதுதான். நான் ஆக்டிங். அடுத்த வண்டி வந்தா எனக்குத் தாரேன்னு மொதலாளி சொல்லியிருக்காக. அது எப்ப வரும்னு எனக்குத் தெரியாது."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கலர் பாட்டிலை எடுத்து அவன் மண்டையில் போட்டிருப்பேன். பெரியவர் மீதிக் கலரை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"எம்புட்டு நாளா காத்திருக்கிய தம்பி?"

"மூணு தபசு முடிஞ்சிட்டு ஐயா."

"நாங்க மானாவாரிக்காரங்க. விதையப் போட்டுட்டு வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறதுதான் எங்க பொழப்பு. மழை என்ன, எங்களுக்குப் பெர்மனென்டா? காத்திருக்கிறவனுக்குப் பொண்ணு குடுக்க எனக்குப் பயம் இல்ல." என் பக்கம் திரும்பினார். "இந்தா இருக்காரே, இவர மாதிரி பொய் சொல்லுற ஆளுக்குன்னா குடுக்க மாட்டேன்."

"எனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிட்டு பெரியவரே" என்றேன். லோடுமேன்கள் சிரித்த சிரிப்பில் ஷெட் தகரம் அதிர்ந்தது.

போகும்போது அவர் ஒன்று சொன்னார். "வண்டி கைக்கு வரட்டும், தேதி வைப்போம். சம்பளம் இல்லாத வீட்டுக்கு இன்னொரு வயிறா எம்மகள அனுப்ப முடியாதுல்லா. அதுவரைக்கும் அவளும் இருப்பாளான்னு கேட்டுச் சொல்லுதேன்." இருக்கிறேன் என்று வேலம்மாள் சொல்லி அனுப்பினாள்.

4. புது வேன்

மறு வருஷம் புது வேன் வந்தது. கோமதிநாயகம்தான் கழுவித் துடைத்தான், சந்தனம் வைத்தான், எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் கோத்து முன்னால் கட்டினான். பூஜை முடிந்தது. முதலாளி சாவியைத் தன் மச்சினன் மகன் கையில் கொடுத்தார்.

நான் அவரைத் தனியே மடக்கினேன். "மொதலாளி, அந்தப் பையனுக்கு வாக்கு குடுத்திய. அங்க ஒரு பொண்ணு காத்துக்கிட்டு இருக்கா."

"வே, வீட்டுல நெருக்குதா. நான் என்ன செய்யட்டும்?" என்றார். பாவி மனுஷன், என் முகத்தைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை.

இனி இவன் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் குளித்து, தலை சீவி, வழக்கம்போல ஷெட் வாசலில் நிற்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏலே, உனக்கு ரோசமே கிடையாதாலே?"

"இருக்கு அண்ணாச்சி. ராத்திரி பூரா அழுதேன்." கண் வீங்கித்தான் இருந்தது. "வராம இருந்தா அந்தக் கோவம் மட்டும்தான் எனக்கு மிஞ்சும். வந்தா என்னைக்காவது ஒரு வண்டி வரும்லா."

நானாக இருந்தால் முதலாளியின் சட்டையைப் பிடித்திருப்பேன், நாலு வண்டி மாறியிருப்பேன், ஊரெல்லாம் புலம்பியிருப்பேன். இவன் அந்த மச்சினன் மகன் லீவு போட்ட நாளில் அந்த வண்டியையும் எடுத்தான். எடுத்தவன், முன்னைப்போலவே அந்த மச்சினன் மகன் கண்ணுக்குத் தக்கபடி கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு இறங்கினான். இதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

கடையநல்லூர்க்காரர்கள் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. நாங்கள் பார்சல் இறக்கும் கடைக்காரர் ஒருவர் மூலமாக மச்சினன் மகனுக்கு டிரைவர் விசா வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். காலையில் புது வேன் நிறைய நூல் பண்டலோடு நிற்கிறது, ஓட்ட ஆளில்லை. முதலாளி வெளியே வந்தார். வாசலில் கோமதிநாயகம் நின்றான்.

முதலாளி சாவியை அவன் கையில் வைத்துச் சற்று நேரம் தன் கையை எடுக்கவில்லை. "ஆக்டிங் இல்லலே. இனி இது உனக்குத்தான்."

அன்று சாயங்காலம் அவன் திரும்பி வரும்வரை நான் வீட்டுக்குப் போகாமல் ஷெட்டிலேயே நின்றேன். வந்தான். எஞ்சினை அணைத்தான். முதுகைக் குறுக்கினான், கழுத்தை இழுத்தான், முழங்கால் ஸ்டியரிங்கில் முட்ட, கையை வெளியே நீட்டிக் கண்ணாடியைத் தொட்டான்.

"ஏலே! யாரு கண்ணுக்குலே வைக்கே?"

கை கண்ணாடியிலேயே நின்றது. என்னைப் பார்த்தான். பிறகு மெள்ள நிமிர்ந்து நேராக உட்கார்ந்தான், தலை கூரையில் தட்டியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

5. நான் கற்றது

ஆவணியில் கல்யாணம். அந்த வாரம் என் வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததால், லீவு போட்ட கோமதிநாயகத்தின் வண்டிக்கு ஆக்டிங் நான்தான். பெர்மனென்ட் ஆன பிறகு நான் எத்தனையோ பேர் வண்டியை எடுத்திருக்கிறேன். ஓட்டி முடித்ததும் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு நடையைக் கட்டுவதுதான் என் வழக்கம்.

அந்த முறை அப்படிச் செய்யவில்லை. அவன் வேலைக்குத் திரும்புவதற்கு முதல் நாள், ட்ரிப் முடித்து வண்டியை நிறுத்தியதும், சீட்டில் பாதி எழுந்து எம்பி, கூரையில் தலை தட்டும் உயரத்துக்கு வந்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, அவன் கண்ணுக்குச் சரியாக வரும்வரை கண்ணாடியைத் திருப்பினேன். லோடுமேன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

சிரித்தால் சிரிக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் எம்பினேன்.