படிக்கிற பிள்ளையிடம் மறைத்த கட்டி

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு அம்மாவின் அருமை பெருமைகளை எழுதித் தரும்படி தாய்மாமா கேட்டார்கள். எழுதுகிறேன். நடந்ததையும் சேர்த்தே எழுதுவேன். ஒரு வரியைக்கூட வெட்டக் கூடாது என்று அச்சகத்தில் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

அம்மா கோம்பையில் பிறந்து ஓடைப்பட்டியில் வாழ்க்கைப்பட்டார்கள். நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா காலமானார்கள். அதன்பின் திராட்சைத் தோட்டத்தை அம்மா ஒற்றை ஆளாய்ப் பார்த்தார்கள். பந்தலுக்குக் கீழே அண்ணாந்தபடி வேலை செய்து செய்து தீராத கழுத்து வலி. யாரையும் ஒரு சொல் கடிந்து பேச மாட்டார்கள். அந்தக் குணம் எனக்கு வரவில்லை. வராததும் நல்லதுதான்.

நான் எம்.எஸ். முடித்து, புற்றுநோய் அறுவை சிகிச்சையில் எம்.சிஹெச். முடித்தேன். அதற்கு மேலும் மார்பகப் புற்றுநோய்க்கென்றே இரண்டு ஆண்டு ஃபெல்லோஷிப் பயிற்சிக்குச் சென்னைக்குப் போனபோது நம் உறவில் பலருக்கும் சிரிப்பு.

"முப்பத்தஞ்சு வயசுல இன்னும் என்னத்தா படிப்பு? கத்தியப் புடிக்கத் தெரியும்ல? இங்கன வந்து ஒரு ஆஸ்பத்திரியப் போடு" என்றார்கள் மாமா.

கத்தி பிடிக்கத் தெரிந்தால் போதாது மாமா, எப்போது அதைத் தொடக் கூடாது என்றும் தெரிய வேண்டும், அதற்குத்தான் இந்தப் படிப்பு என்றேன். யார் காதில் விழுந்தது?

முதல் ஆண்டிலேயே அம்மாவின் இடது மார்பில் ஒரு கட்டி. அம்மா மாமாவிடம் மட்டும் சொன்னார்கள். படிக்கிற பிள்ளைக்குச் சொல்லக் கூடாது என்று இருவரும் முடிவெடுத்தார்கள். நம் குடும்பத்தில் இது வழக்கம்தான். என் பத்தாம் வகுப்புப் பரீட்சையின்போது பெரியப்பா இறந்ததையே கடைசிப் பரீட்சை முடிந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் மறைத்தீர்கள், சரி. அந்தக் கட்டிக்கு வைத்தியம் படித்துக்கொண்டிருந்தவளிடமா மறைப்பது? கேலி பேசும்போது அது படிப்பில்லை, மறைக்கும்போது மட்டும் படிப்பா?

பக்கத்து ஊர் நர்சிங் ஹோம் ஒன்றில் கொழுப்புக் கட்டி என்று வெட்டி எடுத்திருக்கிறார்கள். முன்னால் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கவில்லை. எடுத்த கட்டியையும் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. தட்டில் வைத்து மாமாவிடம் காட்டிவிட்டுக் குப்பையில் போட்டுவிட்டார்கள்.

நான் தினமும் பேசினேன். வீடியோவில் வரச் சொன்னால், "கேமரா கெட்டுப்போச்சு. எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். நீ படி" என்பார்கள் அம்மா. எத்தனையோ தாய்மாரிடம் துருவித் துருவிக் கேட்ட நான், என் தாயிடம் இன்னொரு கேள்வி கேட்கவில்லை. என் மீதும் எனக்கு ஆத்திரம் உண்டு.

எட்டு மாதம் கழித்து, தோட்டத்தில் அம்மாவுடன் வேலை பார்க்கும் பேச்சியம்மாள் அக்கா போன் செய்தார்கள். "ஆத்தா, உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு உங்க மாமா சத்தியம் வாங்கியிருக்காக. எனக்குப் பொறுக்கல. அம்மாவுக்கு மாருல எடுத்த கட்டி அந்தத் தழும்புலயே திரும்ப வந்திருக்கு. அக்குள்லயும் கட்டி கட்டியா இருக்கு."

அன்றே கிளம்பி வந்தேன். "டாக்டரு கொழுப்புன்னுதான சொன்னாக? நல்லதுக்குத்தான் மறைச்சோம்" என்றார்கள் மாமா. எனக்கு வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. அம்மாவைச் சென்னைக்கு அழைத்துப் போனேன். நோய் கல்லீரலைத் தொட்டிருந்தது.

எங்கள் மருத்துவமனையில் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் எல்லாத் துறை மருத்துவர்களும் கூடி முடிவெடுப்பார்கள். விவரத்தை வாசிப்பது பயிற்சி மருத்துவரின் வேலை. அன்று நானே வாசித்தேன். "முதலில் எடுத்த கட்டி பரிசோதனைக்கு அனுப்பப்படவில்லை" என்ற இடத்தில், நோயாளி என் அம்மா என்று அறியாத வேறு துறை மருத்துவர் ஒருவர் கேட்டார்: "ஏன், அந்த வீட்டில் படித்தவர்கள் யாருமே இல்லையா?"

நான் அடுத்த வரியை வாசித்தேன். அறுவை சிகிச்சையால் இனிப் பயனில்லை என்று முடிவானது. கையில் அத்தனை படிப்பையும் வைத்துக்கொண்டு, அம்மாவுக்குத் தலை வாரிவிட்டேன், கஞ்சி ஊட்டினேன். ஏழு மாதத்தில் அம்மா போய்விட்டார்கள்.

சத்தியத்தை மீறிச் சொன்ன பேச்சியம்மாள் அக்காவுக்கும், விடுப்புத் தந்த என் பேராசிரியருக்கும், கடைசி வரை அம்மாவின் வலி குறைத்த செவிலியர்களுக்கும், இன்று நினைவு நாளுக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் நன்றி. மாமா தினமும் அழுகிறார்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் நல்லதுக்குத்தான் என்ற சொல்லை இனி என் காதுபட யாரும் சொல்ல வேண்டாம்.

இன்னும் ஒன்று. போன வாரம் நம் உறவில் ஒருவர், தெரிந்த யாருக்கோ கட்டி வந்திருப்பதாக என்னிடம் விசாரித்தார்கள். தன் மார்பில் கையை வைத்துக்கொண்டே விசாரித்தார்கள். முறை சொல்லி எழுத மாட்டேன். மகன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறான், முடியட்டும் என்றும் சொன்னீர்கள். இன்று சாப்பிட்டதும் கிளம்பிவிடாதீர்கள். உள் அறையில் காத்திருப்பேன். வாருங்கள், பார்த்துவிடலாம். பிறகு நாம் இருவருமாக உங்கள் மகனுக்குப் போன் போடுவோம்.