கரகரப்புக்கு ஒரு பிளகின்

என் அப்பாவின் தொண்டையில் கோளாறு இருக்கிறது என்பதை முதலில் கேட்டவன் நான். டாக்டருக்கு முன்னால், அம்மாவுக்கு முன்னால், அப்பாவுக்கே முன்னால் கேட்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே வரியைப் பகல் முழுக்கத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். கேட்டுவிட்டு நான் செய்த காரியம், அதை மறைக்க மலிவாக ஒரு மென்பொருள் தேடியது. இதை எழுதும்போது எனக்கு என்மேலேயே வருகிற எரிச்சலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று தெரியவில்லை.

தி. நகரில் எங்களுக்கு ஒரு ஜவுளிக்கடை. ரங்கநாதன் தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், கீழே காட்டன், மாடியில் பட்டு, அவ்வளவுதான் கடை. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். முப்பது வருஷமாகக் கடை வாசலில் நின்று கூப்பிடுவது அவர் வேலை. "வாங்கம்மா, உள்ள வாங்க. பிடிக்கலன்னா வாங்க வேண்டாம், சும்மா பாத்துட்டுப் போங்க." எதிர்வரிசைக் கடைகளெல்லாம் விளம்பரத்தைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் ஓடவிட்ட பிறகும் அவர் தன் தொண்டையைத்தான் நம்பினார். அந்தக் குரலுக்காகவே உள்ளே நுழைகிறவர்கள் உண்டு.

நான் ஒரே பிள்ளை. பாதி நாள் கடை, மீதி நாள் பாட்டு. பாண்டி பஜாருக்குப் பின்னால் இருக்கிற எங்கள் வீட்டின் ஓர் அறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், இரண்டு ஸ்பீக்கர். குறும்படங்களுக்கும் சாமி பாட்டு ஆல்பங்களுக்கும் மிக்ஸிங் செய்து கொடுப்பேன். அப்பா அதை ஒருநாளும் தொழில் என்று ஒப்புக்கொண்டதில்லை. "ரூமுக்குள்ள என்னமோ பண்ணிட்டு கெடக்கான்" என்று வருகிறவர்களிடம் சொல்வார்.

அப்படிப்பட்ட மனிதர் ஓர் ஆனி மாதத்தில் அவராகவே வந்து கேட்டார். "ஏல, பெரிய ரெக்கார்டிங்குன்னு சொல்லுதியே, ஆடித் தள்ளுபடிக்கு நம்ம கடைக்கு ஒண்ணு போட்டுத் தாயேன். தொண்டை கட்டிக்கிட்டே இருக்கு. நின்னு கத்த முடியல."

எல்லாம் அந்தப் பேச்சிலேயே இருந்திருக்கிறது. எனக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. அப்பா என் வேலையைக் கேட்டுவிட்டார். என் கால் தரையில் பாவவில்லை.

கடை திறப்பதற்கு முன், மாடியில் சரக்கு வைக்கிற அறையில் பதிவு செய்தோம். சுற்றிலும் கூரை வரைக்கும் புடவைக் கட்டுகள். எவ்வளவு செலவு செய்து கட்டிய ஸ்டுடியோவிலும் அப்படி ஓர் அமைதி கிடைக்காது. எதிரொலியை எல்லாம் துணி குடித்துவிடும், குரல் மட்டும் மிஞ்சும். அப்பா சட்டைக் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு, எதிரே வாடிக்கையாளர் நிற்பதுபோல மைக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பேசினார். ஆறு தடவை பேசினார். இடையிடையே தண்ணீர் கேட்டார்.

வீட்டுக்கு வந்து கேட்டால், சோற்றில் கல் கடிபட்டதுபோல இருந்தது. குரலுக்கு அடியில் ஒரு கரகரப்பு. "சும்மா" என்கிற இடத்தில் மட்டும் குரல் இரண்டாகப் பிளந்து, காற்று மட்டும் வந்தது. ஆறு டேக்கிலும் அதே இடம், அதே பிளவு. தெரு இரைச்சலில் இதுவரை எங்களில் யாருக்கும் கேட்காதது புடவைகளுக்கு நடுவே அப்பட்டமாகக் கேட்டுவிட்டது. நான் மைக்கைச் சந்தேகப்பட்டேன். ஒயரை மாற்றிப் பார்த்தேன். பிறகு, பிளகின் போட்டால் சரியாகிவிடும் என்று முடிவு செய்தேன்.

பிளகின் என்பது மிக்ஸிங் மென்பொருளுக்குள் செருகிக்கொள்கிற ஒரு சின்ன மென்பொருள். அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் குரலை இதமாக்குவதற்கென்று இரும்புப் பெட்டிகள் இருந்தன. வால்வு எரியும், டேப் சுற்றும், அந்தச் சூட்டில் குரலின் முனைகள் மழுங்கி வெண்ணெய்போல வரும். இப்போது அந்தப் பெட்டிகளின் படத்தைத் திரையில் போட்டு, அதே வேலையைக் கணக்கில் செய்கிறார்கள். திருகுகிற குமிழ், மஞ்சள் விளக்கு, ஆடுகிற முள், துருப்பிடித்த ஆணிகூட வரைந்திருப்பார்கள். பெயர் பெற்றவற்றின் விலைக்கு நான் இரண்டு சாமி ஆல்பம் முடித்தாக வேண்டும். ஆகவே மலிவானவற்றைத் தேடினேன்.

மூன்று வாரம் தேடினேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை அதே வேலை. இலவசமாகக் கிடைத்த டேப் பெட்டி ஒன்று குரலைக் கம்பளிக்குள் சுருட்டியதுபோல அமுக்கியது. இன்னொன்றைப் பதினான்கு நாள் சும்மா போட்டுப் பார்க்கலாம், ஆனால் நிமிஷத்துக்கொரு தடவை ஒலி நின்றுவிடும். ஒன்றில் கேட்டவுடன் ஆஹா என்று இருந்தது. அப்புறம் பார்த்தால் அது சத்தத்தைக் கூட்டியிருந்தது, அவ்வளவுதான். சத்தம் கூடினால் எதுவும் நன்றாக இருப்பதாகத் தோன்றும் என்பதால், இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து கேட்டுத்தான் வாங்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். எனக்கு என்னதான் தெரியாது?

ராயப்பேட்டையில் என் நண்பன் ஒருவன் இருக்கிறான், கச்சேரிகளுக்கு ஒலி அமைக்கிறவன். இரண்டு பிளகின்களில் எது தேவலாம் என்று கேட்டு, அப்பா பேசியதை அவனுக்கு அனுப்பினேன். யார் குரல் என்று சொல்லவில்லை. அவன் கேட்டுவிட்டுக் கூப்பிட்டான்.

"இன்னா மச்சி, நீ பொட்டிய மாத்திக்கினே கீற? சோர்ஸ்லயே, அந்தக் கொரல்லயே ஏதோ ப்ராப்ளம் கீது. அங்க போய்ப் பாரு. இல்லாட்டி வேற ஆள வெச்சுப் பேச வெய்."

எனக்குச் சுருக்கென்றது. என் அப்பா குரலையா சொல்கிறான் என்று ரோஷம் வந்தது. சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டு, ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. அவன் சொன்னதில் எந்த இடத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அந்த ஒரு வாரமும் எனக்கு உறைக்கவில்லை.

கடைசியில் மாத வாடகைக்குக் கிடைக்கிற ஒரு தொகுப்பு அகப்பட்டது. மாதாமாதம் சிறிய தொகை கட்டினால் பத்துப் பன்னிரண்டு பெட்டிகள் திறந்துகொள்ளும், கட்டாவிட்டால் மூடிக்கொள்ளும். அதிலிருந்த வால்வுப் பெட்டியும் டேப் பெட்டியும் சேர்ந்து அப்பாவின் குரலைக் கையில் ஏந்திக்கொண்டன. கரகரப்பு கீழே போய்க் கனமாக மாறியது. பிளந்த "சும்மா"வைச் சுற்றியிருந்த ஒலியைக் கொஞ்சம் தூக்கி, பின்னால் நாகஸ்வரத்தை ஏற்றி ஒட்டவைத்தேன். பத்து வயது குறைந்த மனிதர் பேசுவதுபோல வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்றைக்கு அம்மா காபியோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். "அப்பாக்குக் கொஞ்ச நாளா பேச்சு ஒரு மாதிரி இருக்கு. கரகரன்னு வருது. ஒரு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயேன். நான் சொன்னா கேக்க மாட்டங்காரு."

நான் ஹெட்போனைக் கழற்றி அவள் தலையில் மாட்டினேன். "இதக் கேளு. இது போன மாசம் பேசினது. இதுல எங்க கரகரப்பு?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முகம் இளகியது. "நல்லாத்தான இருக்கு. கல்யாணமான புதுசுல இப்படித்தான் பேசுவாரு" என்று ஹெட்போனைத் திருப்பித் தந்தாள். ராத்திரி சாப்பிடும்போது அப்பாவுக்கும் போட்டுக் காட்டினோம். "பாத்தியா, சும்மா கெடந்து பயப்படுதா. ஆடி முடியட்டும், தொண்டைக்கு ரெஸ்ட் கொடுத்தா சரியாயிரும்" என்றார். பிறகு அந்தப் பேச்சு வீட்டில் எழவில்லை. எழாமல் பார்த்துக்கொண்டவன் நான்தான்.

ஆடி முழுக்க அது கடை வாசலில் ஓடியது. வியாபாரம் நன்றாக இருந்தது. ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தம், அப்புறம் தீபாவளி. பொங்கலுக்குள் அப்பாவுக்கு எச்சில் விழுங்குவதே கஷ்டமாகிவிட்டது. பக்கத்து டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அடையாறு போயிடுங்க" என்றார். இந்த ஊரில் ஒரு டாக்டர் அப்படிச் சொன்னால் அது புற்றுநோய் ஆஸ்பத்திரிதான், வேறு விளக்கம் தேவையில்லை. அம்மா ஆட்டோவில் வரும்போது என் கையை விடவேயில்லை.

அங்கே பெரிய டாக்டர் கேட்டார். "எவ்வளவு நாளா குரல் இப்படி இருக்கு?"

"தீபாவளிக்கு அப்புறந்தான் சார்" என்றார் அப்பா.

ஆனி மாதத்து ஃபைல்கள் ஆறு என் கம்ப்யூட்டரில் இருந்தன. நான் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே, ஆரம்பத்திலேயே வந்திருந்தால் ரேடியேஷனிலேயே முயன்றிருக்கலாம், குரல் தப்பித்திருக்கக்கூடும், இப்போது குரல்வளையை எடுத்தால்தான் உயிருக்கு நல்லது என்றார். அம்மா, "நாங்க கவனிச்சுக்கிட்டுத்தான் சார் இருந்தோம், ஆடியிலகூட நல்லா இருந்துச்சு" என்று அழுதாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மைக்கை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். எதையாவது பேசுங்கள், பதிவு செய்து வைக்கிறேன் என்றேன். அவர் கையால் மறித்தார். "எதுக்குல. அதான் ஆடிக்குப் பேசினது இருக்குல்லா. அதுதான் நல்லா வந்திருக்கு. அது போதும்."

அப்பா பிழைத்தார். கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் அம்மா மெல்லிய காட்டனில் தைத்துக் கட்டிவிடுகிற ஒரு துணி. பேச வேண்டியதையெல்லாம் கடையின் பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுவார். வைத்தியச் செலவில் கடையின் மாடியைக் காலி செய்துவிட்டோம். பிளகின் வாடகை கட்டுவதையும் நான் நிறுத்தியிருந்தேன்.

மறுபடி ஆடி வந்தது. அப்பா எழுதிக் காட்டினார்: "போன வருஷத்தையே போடு. மாடியில பட்டுங்கற இடத்த மட்டும் எடுத்துரு."

நாகஸ்வரம் இடறாமல் அந்த வரியை எடுக்க வேண்டுமானால் பழைய மிக்ஸைத் திறந்தாக வேண்டும். காலைச் சாப்பாடு முடித்துவிட்டு உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் கட்டிலில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பெட்டிகள் இருந்த இடங்களில் வெறும் சாம்பல் நிறக் கட்டங்கள் வந்தன. வாடகை கட்டாததால் எல்லாம் மூடியிருந்தன. அதன் அர்த்தம் என்ன என்று யோசிப்பதற்குள், நாகஸ்வரத்தை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் ஸ்பீக்கரில் ஓடவிட்டுவிட்டேன்.

எதுவும் பூசாத குரல் அறைக்குள் வந்தது. வாங்கம்மா என்று கரகரத்தது. சும்மா என்று பிளந்தது.

பேப்பர் மடங்குகிற சத்தம் கேட்டது. அப்பா எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். இன்னொரு தடவை என்று விரலைச் சுழற்றினார். போட்டேன். பில் புத்தகத்தை எடுத்து எழுதினார்: "இது எப்பப் பேசினது?"

"போன வருஷம் ஆனியில."

"அப்பவே இப்படியா இருந்துச்சு?"

நான் பதில் சொல்வதற்குள் கீழே இன்னொரு வரி எழுதினார். "உனக்குக் கேட்டுச்சா?"

மைக் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். எனக்கு முடியவில்லை. "கேட்டுச்சுப்பா" என்றேன். மேஜைமேல் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

அவர் தொடவும் இல்லை, போகவும் இல்லை. கழுத்துத் துணிக்குள் மூச்சு வந்து போகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் எதையோ எழுதிப் புத்தகத்தை என் முன்னால் நகர்த்தினார்.

"அம்மாட்ட சொல்லாத."

அந்தத் தாளைக் கிழித்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு திரையைக் காட்டி, சரி பண்ணு என்று கையை ஆட்டினார்.

போனிலேயே ஒரு மாத வாடகையைக் கட்டினேன். மஞ்சள் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. குரல் பழையபடி இதமாகி, பத்து வயது குறைந்து, நாகஸ்வரத்தோடு வந்தது. சமையலறையிலிருந்து அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்து வாசற்படியில் நின்றாள். முடியும்வரை அசையாமல் கேட்டாள்.

"எவ்வளவு நல்லா இருக்கு, பாரேன்" என்றாள் என்னிடம். "இந்தக் குரலுக்கு ஒரு குறை இருந்துச்சா? எவ கண்ணு பட்டுச்சோ."

அப்பா அவளைப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினார்.